ஆப்பம் நடுவுல உப்பவே மாட்டேங்குது, பதனி ஊத்தலாமா?

சாயல்குடி மருமக:
அக்காமாரே, ஆப்பம்னா எங்க மாமியார் கைதான், அவங்க இப்ப மக வீட்டுக்குப் போயிட்டாங்க, நான் சுட்டா தோசை கணக்கா தட்டையா வருது, ஓரமும் முறுகல. பச்சரிசி நாலு டம்ளர், ஒரு கை உளுந்து, கொஞ்சம் வெந்தயம், அரைக்கும்போது ஒரு மூடி தேங்கா. அந்தக் காலத்துல கள்ளு ஊத்தி புளிக்க வைப்பாங்களாம், அதுக்குத்தான் 1987லயே தடை போட்டாச்சு. இப்ப பதனி சீசன்தானே, அத ஊத்துனா பொங்குமா?

கீழக்கரை லாத்தா:
பதனி ஊத்தாதம்மா. அது புளிச்சு கள்ளாயிடக் கூடாதுன்னுதான் கலயத்துல சுண்ணாம்பே தடவுறாங்க, அத ஊத்திட்டு மாவு புளிக்கலயேன்னு பாத்துட்டு இருந்தா எப்புடி? முத்துன தேங்கா உடைச்ச தண்ணில ஒரு ஸ்பூன் சீனி போட்டு ராத்திரி மூடி வச்சிரு, காலைல லேசா நுரை கட்டி புளிச்ச வாசம் வரும், அத ஊத்தி மாவு அரை. நம்ம ஊரு வெக்கைக்கு சாயங்காலமே சுட்டுரலாம். இன்னொன்னு, அரைச்ச மாவுல ஒரு கரண்டி எடுத்து தண்ணில கரைச்சு கூழா காய்ச்சி, நல்லா ஆறுனப்புறம் மாவுல கலந்துரு, நடுவுல மெத்துன்னு வர்றது அதுலதான். சூட்டோட கலந்தா போச்சு.

தொண்டிக்காரன்:
ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டா முடிஞ்சுது, எதுக்கு லாத்தா இவ்வளவு பாடு

கீழக்கரை லாத்தா:
போடலாம் தம்பி, பொங்கும். தேங்காப்பால் ஊத்தி திங்கும்போது அந்த வாசம் தனியா தெரியும், எனக்கு ஆகாது.

மண்டபம் கேம்ப்:
ஓரம் முறுகாததுக்கு மாவு கெட்டியா இருக்கும், இல்லன்னா சட்டி காயல. தண்ணி தெளிச்சா சொய்ங்னு சத்தம் வரணும், அப்பதான் மாவ ஊத்தி ரெண்டு காதையும் புடிச்சு ஒரே சுத்து, ரெண்டாவது சுத்து சுத்துனா ஓரம் தடிச்சுரும். மூடி போட்டு வேகவைங்க, திருப்பிப் போடாதீங்க. புது இரும்புச் சட்டின்னா வடிச்ச கஞ்சிய ரெண்டு நாள் ஊத்தி வச்சு கழுவிட்டு, நல்லெண்ணெய்ல சின்ன வெங்காயம் போட்டு கருக வதக்குங்க, அப்புறம் ஒட்டாது.

சாயல்குடி மருமக:
சட்டி பழசுதான், மாவுதான் கெட்டி போல. லாத்தா சொன்னபடி இன்னைக்கே தேங்கா தண்ணி வச்சிர்றேன். ரெண்டு பாட்டில் பதனி வாங்கி வச்சிட்டேனே அத என்ன செய்ய?

கீழக்கரை லாத்தா:
பச்சரிசியும் பாசிப்பருப்பும் போட்டு அந்தப் பதனிலயே பொங்கல் வச்சிரு, வெல்லம் போடாத, அந்த இனிப்பே போதும். நாளைக்குன்னு வைக்காத, இன்னைக்கே வச்சிரு.