மேகம் இறங்கினால் காது கருவி நின்றுவிடுகிறது

கோத்தகிரி, ஆசிரியை:
3ஆம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி. பனி நாட்களில் பத்து மணிக்கே சத்தம் நின்றுபோகிறது. புது பேட்டரி போட்டும் அப்படித்தான். என்ன செய்யலாம்?

குன்னூர், சிறப்பாசிரியர்:
டீச்சர், முதலில் கருவியிலிருந்து காதுக்குப் போகும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காதுச்சூடும் வெளிக்குளிரும் சேர்ந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஒரு துளியே சத்தத்தை அடைத்துவிடும். காதுக்குள் பொருந்தும் காது அச்சைக் குழாயோடு கருவியிலிருந்து கழற்றி, ரப்பர் ஊதியால் காற்றடியுங்கள். வாயால் ஊதினால் ஈரம்தான் கூடும். அடுப்பருகில் உலர்த்தவே கூடாது. இரவில் பேட்டரியை எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் கருவியை வைக்க அம்மாவிடம் சொல்லுங்கள். புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து, காற்றுப் பட 2 நிமிடமாவது விட்டுத்தான் மாட்ட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

கூடலூர், சிறப்பாசிரியை:
தினமும் வருகைப்பதிவுக்கு முன் ஆறு ஒலிச் சோதனை: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். வாயை மறைத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று, வரிசை மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதும் கை தூக்கட்டும். இடையில் சும்மாவும் இருங்கள், இல்லாவிட்டால் பிள்ளை ஊகித்துவிடும். நேற்றுக் கேட்ட ஒலி இன்று கேட்கவில்லையென்றால் கருவியில்தான் முதலில் சந்தேகம்.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது கத்தாதீர்கள். கருவி மழையையும் சேர்த்தே பெருக்கும். பக்கத்தில் போய், ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று பேசுங்கள்.

கோத்தகிரி, ஆசிரியை:
குழாயில் நீர் இருந்தது, நன்றி. கம்பளிக் குல்லா போட்டால் விசிலடிக்கிறதே?

குன்னூர், சிறப்பாசிரியர்:
வெளிவரும் சத்தத்தைக் குல்லா திருப்பி மைக்குக்குள் தள்ளுகிறது. காதுக்கு மேல் மடித்துவிடுங்கள். அப்போதும் விசில் வந்தால் அச்சு தளர்ந்திருக்கும். வளரும் பிள்ளைக்குப் புது அளவெடுக்க வேண்டும்.