ரத்தப் பரிசோதனை கிளெய்மை மறுத்துவிட்டார்கள், மேல்முறையீடு செய்தால் பலன் உண்டா?

தெம்பனிஸ்காரன்:
எனக்கு 43 வயது, சிங்கப்பூர்க் குடிமகன். கம்பெனி கொடுத்த காப்புறுதி அட்டையோடு போன மாதம் இருமலுக்காக, காப்புறுதிப் பட்டியலில் உள்ள பேனல் கிளினிக் ஒன்றுக்குப் போனேன். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை என்று பேச்சுவாக்கில் சொன்னதும் டாக்டர், "சரி, ரத்தமும் எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்றார். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் சேர்த்து 186 வெள்ளி. கையிலிருந்து கட்டிவிட்டு கிளெய்ம் போட்டால் ஒரே வரியில் பதில்: வழக்கமான உடற்பரிசோதனை, காப்பில் சேராது. இதில் கொடுமை என்னவென்றால் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 6.1 வந்திருக்கிறது, வெறும் வயிற்றில் திரும்பவும் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். கோளாறைக் கண்டுபிடித்த டெஸ்டுக்கே பணம் இல்லை என்றால் எப்படி?

ஈசூன் அக்கா:
தம்பி, எனக்கும் இதே கதைதான். மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், மூன்றுக்கும் அதே பதிலை ஒட்டி அனுப்பினார்கள், 90 வெள்ளிக்கு யார் மல்லுக்கட்டுவது என்று விட்டுவிட்டேன்.

பழைய கிளெய்ம்ஸ் ஆள்:
இந்த வேலையில் பல வருடம் இருந்தவன், நேராகவே சொல்கிறேன். ரிசல்ட் என்ன வந்தது என்று காப்புறுதிக்காரர்கள் பார்ப்பதில்லை, ரத்தம் எடுத்த அன்று எதற்காக எடுத்தார்கள் என்றுதான் பார்ப்பார்கள். குடும்பத்தில் சர்க்கரை என்பது மட்டும் காரணம் என்றால் அது ஸ்க்ரீனிங்தான், அதாவது அறிகுறி இல்லாமலே செய்து பார்க்கும் பரிசோதனை, எத்தனை கடிதம் போட்டாலும் பெரும்பாலும் நிற்காது. ஆனால் அன்றைக்கு நீங்கள் ஏதாவது அறிகுறி சொல்லி, டாக்டர் அதைக் குறிப்பில் எழுதியிருந்தால் கதை வேறு. பில்லை எடுத்து நோயின் பெயர் போடும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கவுண்டரில் இருப்பவர் அவசரத்தில் 'ஹெல்த் ஸ்க்ரீனிங்' என்று தட்டிவிடுவது சகஜம். அப்படியானால் அன்றைய குறிப்பில் உள்ளதை மட்டும் வைத்து டாக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். இல்லாத அறிகுறியைச் சேர்த்து எழுதச் சொல்லாதீர்கள், அது பொய்க் கிளெய்ம், டாக்டரையும் மாட்டிவிடும்.

பாலிசி கம்பெனி பெயரில் இருப்பதால் ஹெச்ஆர் வழியாக அனுப்புங்கள், உங்கள் மின்னஞ்சலைவிட அதற்கு மரியாதை அதிகம். சொந்தப் பாலிசி வைத்திருப்பவர்கள் கடைசிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் ஃபிட்ரெக் (வங்கி, காப்புறுதித் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) போகலாம், 186 வெள்ளிக்கு அவ்வளவு தூரம் வேண்டுமா என்பது வேறு விஷயம். அப்புறம், அடுத்த டெஸ்டைக் கோட்டை விடாதீர்கள். 6.1 முதல் 6.9 வரை வந்தால் மறுபடி பார்த்து உறுதி செய்வதுதான் இங்கே வழக்கம், அது ஸ்க்ரீனிங் ஆகாது. முந்தைய ரிசல்டைக் குறிப்பிட்டே டாக்டர் எழுதித் தரட்டும்.

ஜூரோங் வெஸ்ட்:
எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை அனுமதி) இருப்பவர்கள் ஏமாற வேண்டாம். முதலாளி கட்டாயம் எடுக்க வேண்டிய காப்புறுதி (2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி) மருத்துவமனையில் தங்குவதற்கும் அன்றே வீடு திரும்பும் டே சர்ஜரிக்கும்தான். கிளினிக்கில் ரத்தம் எடுப்பது அதில் வராது, கம்பெனி தனியாகக் கொடுத்தால்தான் உண்டு.

ஈசூன் அக்கா:
தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டதே, அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் பதிந்திருந்தால் சர்க்கரை, கொழுப்பு இரண்டும் இலவசமாகவே பார்த்திருப்பார்களே! நான் அதற்கப்புறம் பதிந்துகொண்டேன், ஒரு காசு கட்டவில்லை.

தெம்பனிஸ்காரன்:
அக்கா, எஸ்எம்எஸ் வந்தது, படிக்காமல் அழித்துவிட்டேன், என் தப்புதான். அண்ணா, நீங்கள் சொன்னதும் பில்லை எடுத்துப் பார்த்தேன், ஹெல்த் ஸ்க்ரீனிங் என்றே இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு தடவை எழுந்து சிறுநீர் போகிறேன் என்று அன்றைக்கு டாக்டரிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. கிளினிக்குக்கு போன் போட்டேன், குறிப்பில் அது இருக்கிறதாம், கடிதத்துக்கு 20 வெள்ளி கேட்கிறார்கள். கல்லீரல் டெஸ்டுக்குக் கிடைக்காது என்று எனக்கே தெரியும், மற்றதைக் கேட்டு ஹெச்ஆரிடம் கொடுக்கப் போகிறேன். வியாழன் காலை எட்டரைக்கு அடுத்த டெஸ்ட். முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாதாம், அன்றைக்குப் பார்த்து மச்சான் வீட்டில் பிரியாணி.