புதுப்பிப்பு: 'நெவர்வேர்' கடைசி அத்தியாயம், சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்

(கதை முடிவு கீழே அப்படியே இருக்கிறது. படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளவும்.)

நீல் கெய்மனின் 1996 நாவலின் முடிவு 'அவசர முடிச்சு' என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். லண்டனுக்கு அடியில் இருக்கும் மாய உலகமான கீழ் லண்டனுக்குத் திரும்ப, நாயகன் ரிச்சர்ட் கத்தியால் சுவரில் கதவு வரைந்ததும் வழி திறப்பது கதையின் விதியையே மீறுகிறது என்பதுதான் என் புகார். பூட்டியதைத் திறக்கும் வரம் டோர் என்ற பெண்ணின் குடும்பத்துக்கு மட்டுமே உண்டு, ரிச்சர்டுக்குக் கிடையாது.

மறுவாசிப்பில் தெரிந்தது: வரைந்ததும் எதுவும் திறப்பதில்லை. கீறுகிறான், சுவரைக் குத்துகிறான், கத்துகிறான். சுவர் சுவராகவே நிற்கிறது. அவன் ஓய்ந்த பிறகுதான் கீழ் லண்டனில் அவனோடு பயணித்த மார்க்கி கைகட்டி நிற்கிறார், 'வருகிறாயா இல்லையா' என்ற எரிச்சலோடு. திறந்தது யார் என்று நூல் சொல்லவில்லை. விதி உடையவில்லை, நான்தான் அவசரப்பட்டு வாசித்திருக்கிறேன்.

அந்தக் கத்தியும் திடீரென்று முளைத்ததல்ல. கீழ் லண்டனின் வேட்டைக்காரி ஹன்டர் சாகும் தறுவாயில் கொடுத்தது. மேல் லண்டனில், அதாவது நாம் அறிந்த லண்டனில், அவனுக்கு வேலை, வீடு எல்லாம் முன்பைவிட நன்றாகவே திரும்பக் கிடைக்கிறது, விட்டுப்போன காதலி ஜெசிகாகூடத் திரும்பி வருகிறாள். கீழ் லண்டனில் நடந்ததற்கு அவன் கையில் மிஞ்சும் சாட்சி அந்தக் கத்தி.

ஒரு குறை அப்படியே நிற்கிறது. நண்பன் கேரியிடம் நடந்ததைச் சொல்லும் இடம் இன்னும் இரண்டு பக்கம் நீண்டிருக்கலாம். அவன் நம்பாமல் போவதுதான் ரிச்சர்டைச் சுவர்வரை தள்ளுகிறது. அது வாசகனுக்கு உறைப்பதற்குள் காட்சி நகர்ந்துவிடுகிறது.