'ஈரா'வுக்கும் 'பீரியட்'டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

அறிவியல் ஆசிரியை, பாலக்கோடு:
ஐயன்மீர், வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்கான பிளக்ஸ் சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சீனாவின் சிங்லாங்ஷானில் கிடைத்த டைனோசர் முட்டை ஓட்டையே யுரேனியம்–ஈய முறையில் (யுரேனியம் சிதைந்து ஈயமாகியிருக்கும் அளவைக் கொண்டு) அளந்து, வயது ஏறத்தாழ 8.5 கோடி ஆண்டு என 2025இல் வெளியிட்டார்கள். வழக்கமாக மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பலை அளந்துதான் வயதை ஊகிப்பார்கள். இதை எழுதப்போனால் 'மீசோசோயிக் காலத்தின் கிரிடேசியஸ் காலம்' என்று வருகிறது. பூமி வரலாற்றின் பெரிய பிரிவான 'ஈரா'வும் காலம், அதற்குள் அடங்கிய 'பீரியட்'டும் காலம். 'பீரியட்' என்று போட்டால் பிள்ளைகள் கணக்குப் பாடவேளை என்பார்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), ஊத்தங்கரை:
அம்மா, பெரியதற்கு 'ஊழி' இருக்கிறதே! 'ஊழி பெயரினும் தாம்பெயரார்' என்பது குறள். ஊழ்த்தல் என்றால் மலர்தல், முதிர்தல், உதிர்தல் மூன்றும்தான். 'இணர்ஊழ்த்தும் நாறா மலர்' என்னும் இடத்தில் மலர்தல். முதிர்ந்து அழுகினால் ஊழல். ஓர் உயிர்க்கூட்டம் மலர்ந்து உதிர்வதற்கு இதைவிடப் பொருத்தமான வேர் ஏது?

குவாரிக் கணக்கர், கிருஷ்ணகிரி:
ஊழலை விடுங்கள் ஐயா, தேர்தல் நேரம்போல் இருக்கிறது. சின்னதற்கு 'அடுக்கு' என்று வைக்கலாமே. பாறையைப் பார்த்தாலே புரியும்.

புவியியல் படித்தவன், ஓசூர்:
அடுக்கு பாறைக்குரிய பெயர். 'கிரிடேசியஸ் அடுக்கில் முட்டை கிடைத்தது' சரி. 'கிரிடேசியஸ் அடுக்கில் டைனோசர் மேய்ந்தது' என்று எழுதுவீர்களா? மேலும் உங்கள் குவாரிக் கல்லில் தெரியும் வரிகள் படிந்த அடுக்குகள் அல்ல, ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் இட்டவை. சுமார் 250 கோடி ஆண்டுப் பாறை அது. டைனோசர் எலும்பு தேடுகிறவர் அரியலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

ஊழியும் உறுத்துகிறது. மீசோசோயிக் 6.6 கோடி ஆண்டுக்கு முன் பேரழிவில் முடிந்தது, பொருந்துகிறது. ஆனால் 20.1 கோடி ஆண்டுக்கு முன் அதன் முதல் பீரியடான டிரயாசிக் முடிந்தபோதும் பேரழிவு நேர்ந்தது. அது வெறும் பீரியட் எல்லை. அங்கே ஊழி ஏன் இல்லை என்று பையன் கேட்பான்.

ஊத்தங்கரை:
கேட்கட்டும், நல்ல கேள்வி. அதோடு 'கிரிடேசியஸ்' என்பதையும் 'சுண்ணக்காலம்' ஆக்குங்கள். லத்தீன் மூலத்தின் பொருளும் சுண்ணம்தான்.

கிருஷ்ணகிரி:
ஜுராசிக்கை என்ன செய்வீர்கள்? அது ஜூரா மலையின் பெயர். 'வடவெழுத் தொரீஇ' என்று தொல்காப்பியர் வடசொல்லுக்குக் கதவு திறந்தார். லத்தீனும் அதே வழியாக வரட்டும்.

ஊத்தங்கரை:
அப்படியானால் 'கிரிடேசியசு' என்று எழுதுங்கள். கதவைத் திறந்தவர், வடவெழுத்தை நீக்கிவிட்டு வரவேண்டும் என்று நிபந்தனையும் வைத்தார்.

பாலக்கோடு:
நன்றி. 'மீசோசோயிக் ஊழி, கிரிடேசியஸ் காலம்' என்று கொடுத்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். 'ஊழி என்றால் உலகம் அழிவதா டீச்சர்?' என்றாள் ஒருத்தி. பாதி சரி என்றேன்.

ஓசூர்:
என் வாக்கு 'பெருங்காலம்' என்பதற்கே. ஊழியை இப்போதே செலவழித்துவிட்டீர்கள். ஈராக்கள் பலவற்றை உள்ளடக்கிய 'ஈயான்' என்ற இன்னும் பெரிய பிரிவு ஒன்று இருக்கிறது. நம் கிருஷ்ணகிரிப் பாறையைப் பற்றி எழுதும் நாளில் அதற்கு என்ன வைப்பீர்கள்?