தேக்கு நாற்காலிக்கு மெத்தை: ஃபோமா, இலவம்பஞ்சா?

வெண்ணாறு:
தஞ்சாவூர் பக்கம் வீடு. நாலு பழைய தேக்கு நாற்காலி இருக்கு. உட்காரும் இடம் 18-க்கு 18 அங்குலம். பிரம்பு அறுந்துபோய் இப்போ பிளைவுட் அடிச்சிருக்கு. கழற்றித் துவைக்கிற உறையோட 3 அங்குல மெத்தை வீட்டு மிஷின்லயே தைக்கணும். உள்ளே என்ன வைக்கலாம்? துணி அளவு எப்படி எடுக்கணும்?

மாயவரம் டெய்லர்:
ஃபோம்தாங்க. தினமும் உட்கார்ற நாற்காலின்னா 40 டென்சிட்டி கேட்டு வாங்குங்க. குறைஞ்ச டென்சிட்டி சீக்கிரமே நடுவுல குழி விழும். டென்சிட்டின்னா ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோங்கிற கணக்கு, அவ்வளவுதான். அதே 40-லயே மெத்துன்னும் வரும், விறைப்பாவும் வரும். அதனால கையால அமுக்கிப் பார்த்துதான் எடுக்கணும்.

ஃபோமை 18½ அங்குலமா வெட்டுங்க. துணி மேலுக்கும் அடிக்கும் 19-க்கு 19. சுத்தியும் அரை அங்குலம் தையலுக்குப் போனா உறை 18 நிக்கும். ஃபோம் அரை அங்குலம் பெருசா இருந்தாத்தான் துணி சுருக்கமில்லாம விம்மி நிக்கும். அதுக்குன்னு ஒரு அங்குலம் பெருசா வெச்சிடாதீங்க, ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி மேல வளைஞ்சிடும்.

மேல்துணியையும் அடித்துணியையும் சேர்த்துச் சுத்தி வர்ற பக்கத் துண்டுதான் பட்டி. ஜிப் பின்பக்கப் பட்டியில வரணும். 2½ அங்குல அகலத்துல 25 அங்குல நீளமா ரெண்டு துண்டு வெட்டி, அரை அங்குலம் மடிச்சு நடுவுல ஜிப் தைச்சா 4 அங்குலப் பட்டி வரும். ஜிப் பின்பக்கத்தோட நிக்காம ரெண்டு பக்கமும் 3 அங்குலம் திரும்பணும். இல்லேன்னா ஃபோமை உள்ளே நுழைக்கிறப்போ ஜிப்போட முனை கிழியும். மிச்சச் சுத்துக்கு 4 அங்குல அகலத்துல 49 அங்குலம்.

இலவமரம்:
அளவுல எனக்குச் சண்டை இல்ல அண்ணே. ஃபோம்லதான் சண்டை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில நம்ம ஊர்ல துவைச்ச வேட்டியே காயாது. ஃபோம்ல ஒரு செம்பு தண்ணி கொட்டினா என்ன கதி? மொத்தமும் உறிஞ்சி உள்ளேயே வெச்சுக்கும். வெயில்ல போட்டாலோ மஞ்சளாகி ஓரம் பொடிப்பொடியா உதிரும்.

இலவம்பஞ்சு இழைக்குள்ள வெறும் காத்துதான், மேல மெழுகுப் பூச்சு. தண்ணி லேசுல ஒட்டாது. சித்திரை வெயில்ல புழுங்காது. அமுங்கிப் போனா பிரிச்சு, உதறி, வெயில் காட்டித் திரும்ப அடைக்கலாம். பொடியான ஃபோமைக் குப்பையிலதான் போடணும்.

மாயவரம் டெய்லர்:
பஞ்சு மெத்தையில உட்கார்ந்தா நடு இறங்கி, ஓரம் மட்டும் திரண்டு நிக்குதே தம்பி, அதுக்கு என்ன சொல்றீங்க? எலியும் கூடு கட்டும்.

இலவமரம்:
நடு இறங்குறது பஞ்சைக் குறைச்சு அடைக்கிறதால. 18-க்கு 18-க்கு 3 அங்குலத்துக்கு 900 கிராம்லேருந்து 1 கிலோ வரைக்கும் பிடிக்கும். முதல்ல நாலு மூலையையும் இறுக்கமா நிரப்பிட்டு அப்புறம் நடுவுக்கு வரணும். பலரும் நடுவுல கொட்டிட்டு மூலைக்குத் தள்ளுவாங்க, மூலை காலியாவே நிக்கும். விதை எடுத்த பஞ்சான்னு விரல்ல நெருடிப் பாருங்க. எண்ணெய் விதை கிடந்தா எலி தேடி வரும்.

உள்ளுறை தனியா, நெருக்கமா நெய்த மெத்தைத் துணியில தைக்கணும். லேசான துணின்னா இழை வெளியே வந்து கறுப்புப் பேண்ட்டுல ஒட்டும். அளவு வெளியுறையை விட ஒரு அங்குலம் பெருசு. நிரப்பித் தைச்சதும் கோணி ஊசியில கெட்டி நூல் கோத்து, நடுவுல ஒண்ணு, மூலைக்கு ஒண்ணுன்னு 5 இடத்துல மேலிருந்து அடிக்கு இழுத்து முடிச்சுப் போட்டா பஞ்சு நகராது. அடைக்கிறப்போ மூக்கைக் கட்டிக்குங்க, தூசி பொல்லாதது.

காவிரிக்கரை:
ரெண்டு பேரும் மெத்தைக்கு மேலயே பேசுறீங்க. அடியில பிளைவுட்! பிரம்புல காத்து ஓடும், பிளைவுட்ல ஓடாது. மழைக்காலத்துல ஃபோமோ பஞ்சோ, பூசணம் பிடிக்கிறது அடித்துணியிலதான். வெண்ணாறு, முதல்ல 3 அங்குலத்துக்கு ஒண்ணுன்னு பிளைவுட்ல துளை போடுங்க, பிசிரை உப்புத்தாள் வெச்சுத் தேய்ங்க. முடிஞ்சா அடியில ஒரு அங்குல ரப்பர் போட்ட தென்னை நார்த் தகடு, மேல 2 அங்குல ஃபோம். நார்ல காத்து போகும், விறைப்பும் வரும், ஃபோம் சீக்கிரம் படுத்துக்காது.

மாயவரம் டெய்லர்:
நார்த் தகட்டை ஒத்துக்கிறேன், ஆனா ஓரம் துணியை அறுக்கும். மேலயும் ஓரத்துலயும் காடாத் துணி சுத்தித்தான் வைக்கணும்.

வெண்ணாறு:
துணி எவ்வளவு வாங்க? மூலை எனக்கு எப்பவும் சரியா வராது.

மாயவரம் டெய்லர்:
44 அங்குல அகலத் துணின்னா ஒரு மெத்தைக்கு 1 மீட்டர். அதே துணியில பைப்பிங்கும் (ஓரத் தையல்ல வர்ற உருண்டை விளிம்பு) வேணும்னா 1½. பருத்தின்னா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில போட்டுக் காயவெச்சு இஸ்திரி பண்ணிடுங்க. மீட்டருக்கு 1, 2 அங்குலம் சுருங்கும். தைச்ச பிறகு சுருங்கினா ஃபோம் உள்ளே போகாது.

மூலைக்கு அரை அங்குலம் முன்னாடி, ஊசி துணிக்குள்ள இருக்கையிலேயே நிறுத்துங்க. துணியை அமுக்குற ஃபுட்டைத் தூக்கி, பட்டியில மட்டும் தையலைத் தொடாம ஒரு நறுக்கு. துணியைப் பாதி திருப்பிச் சாய்வா ஒரு தையல், அப்புறம் முழுசா திருப்பித் தைங்க. அந்தச் சாய்வுத் தையல் இல்லேன்னா மூலையில காலியா ஒரு காது நிக்கும். 16-ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், அங்குலத்துக்கு 8 தையல். மேல்துணியைத் தைச்சதும் பட்டியோட நாலு மூலைக்கும் நேர் கீழே சாக்பீஸ்ல குறி போட்டுட்டு அடித்துணியைச் சேருங்க. குறி இல்லாம தைச்சா மெத்தை முறுக்கிக்கும், பிரிக்கிறதைத் தவிர வழி இல்ல. அடித்துணி தைக்கிறதுக்கு முன்னாடி ஜிப்பைப் பாதி திறந்து வைங்க, அப்போதான் உள்புறம் வெளியே திருப்ப முடியும்.

இலவமரம்:
உட்கார ஃபோம்னே வையுங்க, நார்த் தகட்டோட. முதுகு மெத்தைக்கு மட்டும் இலவம்பஞ்சை விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்க பாரம் குறைவு, பாதி எடை பஞ்சு போதும்.

காவிரிக்கரை:
பின் மூலை ரெண்டுலயும் நாடா வைக்க மறந்திடாதீங்க. மூலைக்கு 20 அங்குலம் வெட்டி, நடுவுல மடிச்சு, பட்டிக்கும் அடித்துணிக்கும் இடையில வெச்சே தைச்சிடணும். பிறகு மேலால தைச்ச நாடா பிய்ஞ்சு வரும்.