பொதுவுல எழுதினா தேடவும் விட்டுடணுமா? நம்ம மாஸ்டடான் சர்வர்ல ஒரு பஞ்சாயத்து

அட்மின்:
நம்ம சர்வர்ல தேடல் வசதிய எல்லாருக்கும் நானே ஆன் பண்ணிடலாம்னு இருக்கேன். புதுசா வந்தவங்களுக்காக: மாஸ்டடான்ங்கிறது ட்விட்டர் மாதிரிதான், ஆனா ஆளாளுக்குத் தனித்தனியா ஓட்டற சர்வர்கள் ஒண்ணோடொண்ணு இணைஞ்சது. 2023 செப்டம்பர்ல 4.2 பதிப்பு வர்ற வரைக்கும் மாஸ்டடான்ல அடுத்தவங்க பதிவ வார்த்தை போட்டுத் தேட வழியில்ல. ஹேஷ்டேக் இருந்தா மாட்டும். இல்லன்னா நீங்க எழுதினது, லைக் பண்ணது, உங்கள டேக் பண்ணது, இந்த மாதிரிதான். 4.2ல வழி விட்டாங்க, ஆனா எழுதினவரே செட்டிங்ஸ்ல போய் டிக் போட்டாத்தான். நம்மள்ல டிக் போட்டவங்க பதினோரு பேர்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ பள்ளிக்கரணையில ஒருத்தர் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கேட்டு எழுதியிருக்கார். ரெண்டு டப்பா வாங்கி வெச்சுட்டு நான் வேளச்சேரியில உட்கார்ந்திருந்தேன். மூணு நாள் கழிச்சுதான் அந்தப் பதிவு கண்ல பட்டுச்சு. முழங்கால் தண்ணியில நிக்கிறவர் ஹேஷ்டேக் யோசிப்பாரா?

பீச்_தாம்பரம்:
ஆன் பண்ணுங்க ப்ரோ. ரகசியமா எழுதணும்னா ஃபாலோயர்ஸ் மட்டும்னு போட வழி இருக்கே. பப்ளிக்னு போட்டுட்டு யாரும் பார்க்காதீங்கன்னா அது என்ன நியாயம்?

மூணாவது_மாடி:
பார்க்காதீங்கன்னு யாரும் சொல்லலையே. உங்க ஐடியையே எடுத்துக்குவோம். தாம்பரத்துல ட்ரெயின் ஏறி எங்கம்மாகிட்ட போன்ல சண்டை போடறேன், பெட்டி முழுக்கக் கேக்குது. சரி. கிண்டியில பாதிப் பேர் இறங்கிடுவாங்க. மாம்பலத்துல ஒருத்தர் ஏறி, "இந்தப் பொண்ணு மூணு வருஷமா இந்தப் பெட்டியில என்னென்ன பேசிச்சு, எடு"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனா அதுவும் சரியா?

கதை விடல. போன வருஷம் நங்கநல்லூர்ல வீடு பார்த்து அட்வான்ஸ் வரைக்கும் பேசியாச்சு. ஓனரோட பையன் என் பேரைப் போட்டுத் தேடியிருக்கார். முந்தின வீட்ல மீன் குழம்பு வெச்சதுக்கு நடந்த சண்டைய எப்பவோ புலம்பி எழுதியிருந்தேன், அது கிடைச்சிருக்கு. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா"ன்னு ஓனர் ரொம்பத் தன்மையாத்தான் சொன்னார். வீடு போச்சு.

பீச்_தாம்பரம்:
கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா அந்தப் பையன் தேடினது வெளித் தேடுபொறியில. அதுக்குத் தடை போடற டிக் வேற. நம்ம சர்வர் தேடல் மூடிக் கிடந்தப்பவே உங்களுக்கு இது நடந்திருக்கு. அப்புறம் மூடி வெச்சு யாருக்கு லாபம்? ஓனர் பையன் தேடிப்பார், பால் பவுடர் கேக்கிறவர தேட நமக்குத்தான் முடியாது.

மூணாவது_மாடி:
ஒத்துக்கறேன், அது வேற டிக்தான். அங்கயும் யாரும் என்னைக் கேக்கல, திறந்தே இருந்துச்சு, மூடணும்னு எனக்குத் தெரியவே இல்ல. இப்ப இங்கயும் அதையே பண்ணப் போறீங்க.

கறுப்புக்கோட்டு:
சட்டம் துணைக்கு வரும் என்று யாரும் நம்ப வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சொன்னது உண்மை. ஆனால் 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பொதுவில் வைத்த தரவுக்குப் பொருந்தாது, மூன்றாவது பிரிவு. அதற்குச் சட்டமே தரும் உதாரணம், தன் கருத்துகளை எழுதும்போது தன் விவரத்தைச் சமூக ஊடகத்தில் தானே வெளியிட்டவர். ஆக, அட்மின் செய்தால் வழக்கு வராது. வழக்கு வராது என்பதே காரணமாகிவிடாது, அது வேறு விஷயம்.

ஊறுகாய்:
2019 நவம்பர்ல ட்விட்டர் வக்கீல் சஞ்சய் ஹெக்டே கணக்கை முடக்கினப்போ இந்தியாவுல இருந்து ஒரு கூட்டம் மாஸ்டடானுக்கு வந்துச்சு. அதுல நானும் ஒருத்தன். முக்கால்வாசிப் பேர் ரெண்டே வாரத்துல திரும்பிட்டாங்க. நான் இருந்ததுக்குக் காரணமே தேடல் இல்லாததுதான். அங்க சாதிப் பேரையோ கட்சிப் பேரையோ போட்டுத் தேடி, முன்னப்பின்ன தெரியாதவன் பதிவுல வந்து கும்பலா ஏறுவாங்க. இங்க அது நடக்கல. 2024ல மாஸ்டடானையும் ப்ளூஸ்கைங்கிற இன்னொரு சமூக வலைதளத்தையும் இணைக்க பிரிட்ஜி ஃபெட்னு ஒண்ணு வந்தப்போ, "வேண்டாம்னா சொல்லுங்க"ன்னுதான் முதல்ல திட்டம் போட்டாங்க. பெரிய ரகளை ஆகி, "வேணும்னா சொல்லுங்க"ன்னு மாத்தினாங்க. தெரிஞ்சே அதே குழியில ஏன் விழணும்?

சுக்குகாப்பி:
சர்வர் ஓட்டினவன்ங்கிற முறையில சொல்றேன் அட்மின் அண்ணா. அந்த டிக் நம்ம சர்வரோட நிக்காது. சர்வர்கள் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற ஆக்டிவிட்டிபப் வழியா புரொஃபைலோட சேர்ந்து வெளிய போகும், அதைப் பார்த்து மத்த சர்வர்களும் நம்ம ஆளுங்க பதிவ தேடல் அட்டவணையில ஏத்திக்கும். நீங்க போடற டிக், ஜெர்மனியில இருக்கிற சர்வருக்கும் "இவங்க சம்மதிச்சுட்டாங்க"ன்னு பொய் சொல்லும்.

அதைவிட முக்கியம்: டிக் போட்டா இனிமே எழுதறது மட்டும் ஏறாது. இதுவரைக்கும் பொதுவுல எழுதினது மொத்தமும் ஏறும். தேடவே முடியாதுங்கிற நம்பிக்கையில எழுதினதெல்லாம்.

இன்னொண்ணு, உங்க பால் பவுடர் கதைக்கே இது பெருசா உதவாது. தமிழ் விகுதியெல்லாம் இந்தத் தேடலுக்குப் புரியாது. "பள்ளிக்கரணை"ன்னு தேடினா "பள்ளிக்கரணையில" வராது. சோதிச்சுப் பார்த்தேன்.

பீச்_தாம்பரம்:
பழைய பதிவும் ஏறும்னு தெரியாது. அது தப்புதான். ஆனாலும் சொல்றேன், கேட்டு வாங்கணும்னா நாலு பேர்தான் டிக் போடுவான். அடுத்த வெள்ளத்துல யாரும் யாரையும் கண்டுபிடிக்க மாட்டோம்.

ஊறுகாய்:
வெள்ளத்துக்குன்னு தனியா ஒரு கணக்கு ஓட்டலாமே? உதவி வேணும்னா அதை டேக் பண்ணட்டும், அது பூஸ்ட் பண்ணட்டும், அதாவது தன் ஃபாலோயர்ஸுக்குப் பகிரட்டும். தேடவே வேண்டாம்.

அட்மின்:
அந்தக் கணக்கை இன்னைக்கே ஆரம்பிக்கறேன். டிக் விஷயத்துல நான் கை வைக்கல, எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிக் கேக்கறேன். செட்டிங்ஸ்ல "பிரைவசி அண்ட் ரீச்"னு இருக்கிறது பாதிப் பேருக்குப் புரியல, அதனால இப்படி எழுதியிருக்கேன்: "உங்கள் பொதுப் பதிவுகளை மற்றவர்கள் தேட அனுமதிக்க விரும்பினால் டிக் செய்யவும்." சரியா?

மூணாவது_மாடி:
"இதுவரை எழுதிய பழைய பதிவுகளையும் சேர்த்து"ன்னு போடுங்க. "மற்றவர்கள்"னா நம்ம சர்வர் ஆளுங்கன்னு நினைச்சுப்பாங்க, "வேறு சர்வரில் இருப்பவர்களும்"னு போடுங்க.

பீச்_தாம்பரம்:
இதையெல்லாம் போட்டா ஒருத்தனும் டிக் பண்ண மாட்டான் மேடம்.

மூணாவது_மாடி:
அப்ப பண்ண வேண்டாம் சார்.

அட்மின்:
ரெண்டையும் சேர்த்தாச்சு. ராத்திரி எட்டு மணிக்கு அனுப்பறேன்.