பிணைப்பு வகை: சிகிச்சைக்கு உதவுகிறதா, முத்திரை குத்துகிறதா?

கடுங்காப்பி:
ஆலோசகரிடம் போன இரண்டாவது வாரமே ‘என்னுடையது விலகும் பிணைப்பு’, அதாவது நெருக்கத்தைத் தவிர்க்கும் வகை, என்று சான்றிதழ் வாங்கியவர் போல அறிவிக்கிறார்கள். சிறுவயதில் பெற்றோரோடு உண்டாகும் ஒட்டுதல் பின்னாளைய உறவுகளையும் வடிவமைக்கிறது என்பதுதான் பிணைப்புக் கோட்பாடு. ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி அதைத் தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பார்த்து உருவாக்கினார். அவரோடு பணியாற்றிய உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் சோதித்தது ஒரு வயதுச் சிசுக்களை. காதலுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் ஹாசான், ஷேவர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள். டென்வர் செய்தித்தாள் ஒன்றில் மூன்று சிறு பத்திகளை அச்சிட்டு ‘இவற்றில் எது நீங்கள்?’ என்று வாசகர்களைக் கேட்டார்கள். ஆய்வு 1987-ல் வெளிவந்தது. இன்றைய இணையச் சோதனைகள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்தான். இதை வைத்துக்கொண்டு நாற்பது வயது மனிதரின் மணமுறிவுக்கு அவருடைய அம்மாவைக் கூண்டில் ஏற்றுவது சிகிச்சையா?

உளவாசகி:
பத்திரிகைக் கேள்வித்தாளையும் சிகிச்சையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். நானும் ஆலோசகர்தான். எவருக்கும் வகை சொல்லி அனுப்பியதில்லை. எனக்கு இது பயன்படும் இடம் வேறு. அடுத்த இரண்டு வாரம் விடுப்பு என்று அறிவிக்கிறேன் என்று வையுங்கள். ஒருவர் ‘பரவாயில்லை மேடம், நன்றாக ஓய்வெடுங்கள்’ என்று சிரிப்பார். நான் திரும்பி வந்த வாரம் தகவல் இல்லாமல் வராமல் நின்றுவிடுவார். இன்னொருவர் நேரம் முடிந்து எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்தபடி, அதுவரை வாயே திறக்காத ஒரு பெரிய விஷயத்தை ஆரம்பிப்பார்.

எய்ன்ஸ்வொர்த்தின் சோதனையில் தாய் அறையை விட்டுப் போவதைக் காட்டிலும் திரும்பி வரும் கணத்துக்கே மதிப்பு அதிகம். சில குழந்தைகள் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். மனம் ஆறியதும் விளையாட்டுக்குத் திரும்பும். இதுதான் பாதுகாப்பான பிணைப்பு. சில குழந்தைகள் அம்மா வந்ததே தெரியாதது போலப் பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கும். இது விலகும் பிணைப்பு. பின்னாளில் அந்தக் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது, வெளியே தெரிந்த அமைதி உள்ளே இல்லை. இதைப் படித்த ஆலோசகர் அந்தப் ‘பரவாயில்லை’யை நம்பி நாட்குறிப்பை மூடிவிட மாட்டார்.

கடுங்காப்பி:
காது கொடுத்துக் கேட்கும் எந்த ஆலோசகரும் இதைக் கண்டுகொள்வார். கோட்பாடு வந்து சொல்ல வேண்டியதில்லை. அது தவறான கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதையும் பேசுவோம். 2000-ல் அமெரிக்காவின் கொலராடோவில், தத்தெடுத்த தாயோடு பிணைப்பை உண்டாக்குகிறோம் என்று 10 வயதுச் சிறுமியைப் போர்வையில் சுற்றி, மேலே பெரியவர்கள் அழுத்தினார்கள். மூச்சு முட்டுகிறது என்று அவள் கெஞ்சியும் விடவில்லை. செத்துப்போனாள்.

நெல்லையான்:
அந்தக் கொடுமையைப் பௌல்பியின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை, கடுங்காப்பி. பயந்த குழந்தை தானாக நாடி வரும் இடமாகப் பெரியவர் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. அந்த வழக்கில் சிகிச்சையாளர்கள் இருவருக்குத் தலா 16 ஆண்டு சிறை கிடைத்தது. சிறுமி இறந்த மறு ஆண்டே கொலராடோ அந்த முறையைத் தடை செய்தது.

சான்று வலுவாக இருக்கும் இடத்தைப் பார்ப்போமே. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டின் அநாதை இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்களிடம் பாதுகாப்பான பிணைப்பு கூடுதலாக உருவானது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2003-ல் பல சிகிச்சை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, குழந்தையின் சைகையைத் தாய் கவனித்துப் பதில் தருவதை மட்டும் கற்றுத்தந்த குறுகிய பயிற்சிகள், அதாவது 16 அமர்வுக்குக் குறைந்தவை, நீண்டவற்றைவிட நன்றாக வேலை செய்தன.

கடுங்காப்பி:
நீங்கள் எனக்காக வாதாடுகிறீர்கள், நெல்லையான்! அந்தப் பயிற்சிகள் தாயின் இன்றைய நடத்தையை மாற்றுகின்றன. பால்யத்தைத் தோண்டிக்கொண்டு வருடக்கணக்கில் கட்டணம் வாங்கும் வேலைக்கு அதில் ஆதரவு எங்கே?

உளவாசகி:
பால்யத்தைத் தோண்டுவது என்று நீங்கள் நினைப்பது, எய்ன்ஸ்வொர்த்தின் மாணவி மேரி மெயினின் குழு பெரியவர்களுக்கென்று அமைத்த நேர்காணலில் நடப்பதில்லை. ‘சிறுவயதில் அம்மாவோடு இருந்த உறவை ஐந்து சொற்களில் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நினைவு சொல்லுங்கள்’ என்பார்கள். ‘அன்பானது’ என்று சொல்லிவிட்டு ஒரு நிகழ்ச்சிகூட நினைவுக்கு வராமல் திணறுபவர் உண்டு. அடி வாங்கி வளர்ந்தும் அதைக் கோவையாக, நிதானமாகச் சொல்பவர் உண்டு. அவரைப் பாதுகாப்பான பிரிவில்தான் சேர்ப்பார்கள். வகையைத் தீர்மானிப்பது பால்யம் எப்படி இருந்தது என்பது இல்லை, இன்று அதை எப்படிச் சொல்கிறார் என்பதுதான். அம்மாவைக் கூண்டில் ஏற்ற அங்கே இடமே கிடையாது.

கடுங்காப்பி:
அந்த நேர்காணலை மதிப்பிடத் தனிப்பயிற்சி வேண்டும், ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தெழுத்தாகப் பெயர்த்தெழுத வேண்டும். ஊரில் எத்தனை ஆலோசகர்கள் அதைச் செய்கிறார்கள்? செய்யாமலேயே வகை சொல்பவர்களைப் பற்றித்தானே நான் ஆரம்பித்தேன்.

நெல்லையான்:
அந்தக் கவலை ஆய்வாளர்களுக்கே உண்டு. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்குகளில் பிணைப்பு வகையை ஆதாரமாகக் காட்டுவதைக் கண்டு, 2021-ல் 70 ஆய்வாளர்கள் சேர்ந்து எச்சரித்தார்கள். தனிக் குழந்தை ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அந்த அளவீடுகள் துல்லியமானவை இல்லை என்றார்கள்.

உளவாசகி:
அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வராமல் போனவரை மறுநாள் நான் தொலைபேசியில் கூப்பிடுவேன், கடுங்காப்பி. அதற்குக் காரணம் இந்தக் கோட்பாடுதான், நீங்கள் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி.